அக்கரையில் ஓடம்

கொட்டியாரக் குடாவின் தென்பாலுள்ள கட்டைபறிச்சான் மக்களுக்கு, ஓடம் அக்கரையில் கிடக்க இக்கரையில் நிற்பவர் படும் பாட்டை விளக்க வேண்டுவதில்லை. லினக்ஸ் கணினிக்கும் அப்பாடு நேர்வதுண்டு.

கணினியில் இணையும் வட்டு, விசைப்பலகை முதலியவற்றை அடையாளங்கண்டு பெயரிடும் சாதன நிர்வாகி யூடெவ், 2003இல் வெளிவந்தது. 2012இல் அது சிஸ்டம்டி என்னும் பெருந்தொகுப்பில் இணையவே, ஜென்டூ அன்பர்கள் ஈயூடெவ் எனத் தனிக்கிளை கண்டனர்.

அதனை மூலநிரலிலிருந்து நிறுவுவோர் முதலில் இடத்தைத் தீர்மானித்தல் வேண்டும். நிரல்கள் வழக்கமாகச் சென்றமரும் ‘யூஎஸ்ஆர்’ அடைவு தனி வட்டுப் பகுதியில் இருந்து, அதனை முன்கூட்டி இணைக்கும் ஏற்பாடும் இல்லையெனில், கணினி விழிக்கும் வேளையில் நிர்வாகி அக்கரையிலேயே இருக்கும். (இப்பிரிவினைக்குத் தத்துவம் ஏதுமில்லை, 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்து யூனிக்ஸ் அறிஞர்களின் முதல் வட்டு நிறைந்துவிட்டது, அவ்வளவே!) ஆகவே, அத்தகைய கணினியில் நிர்வாகியை மூல அடைவின்கீழ் அமைத்தலே தக்கது. அது சார்ந்திருக்கும் நூலகக் கோப்புகளும் உடன்வருதல் வேண்டும்; அவற்றை மறப்பது, ஓடத்தைக் கொணர்ந்து துடுப்பை விட்டுவருவதை ஒக்கும்.

பெடோரா 17 போன்ற பதிப்புகள் 2012இலேயே இரு கரைகளையும் ஒன்றாக்கின. ஆயினும், உரிமையாளர் தாமே எழுதும் விதிகளுக்கு இன்றும் ‘எட்சி’ அடைவே உரிய இடம். ‘லிப்’ அடைவில் வந்த விதிகளைத் திருத்தினால், அடுத்த பதிப்பை நிறுவும்போது அத்திருத்தம் மறைந்துபோகும்.