முகாமுக்குள் நட்ட மரம் யாருடைய கணக்கில்?



சென்ற மாதம் லா சப்பலில் ஒரு கடையில் கத்தரிக்காய் தெரிந்துகொண்டு நின்றேன். இங்கே பிறந்து வளர்ந்த தம்பி ஒருவர் கைத்தொலைபேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். யாழ்ப்பாணத்தில் ஒரு படைமுகாம். சீருடைக்காரர் மரக்கன்று நடுகிறார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொப்பி கொடுக்கிறார்கள், கடற்கரையில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். "அங்கிள், இது நல்ல விசயம்தானே? நீங்கள் ஏன் எல்லாத்தையும் சந்தேகமாப் பாக்கிறியள்?" என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. கோபத்தில் பதில் சொல்லக்கூடாது என்று நினைத்து, "யோசிச்சுச் சொல்லுறன் தம்பி" என்று வந்துவிட்டேன். இந்தப் பேச்சுத்தான் அந்தப் பதில். கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். படைமுகாம் இருக்கும் இடத்தில் இயற்கை சில வேளைகளில் நன்றாகவே தழைக்கும். பிரான்சின் தெற்கே வார் மாவட்டத்தில் கன்ஜுயேர் என்ற முகாம் இருக்கிறது. சுமார் 35,000 ஹெக்டேயர். மேற்கு ஐரோப்பாவிலேயே மிகப் பெரிய பயிற்சிக்களம் என்பார்கள். அங்கே மாடிவீடு இல்லை, பூச்சிமருந்து அடிக்கும் தோட்டம் இல்லை. ஆகவே வேறிடங்களில் அருகிவிட்ட பறவையும் பூச்சியும் அங்கே தப்பியிருக்கின்றன. இடையர்கள் இன்னமும் அதற்குள் ஆடு மேய்க்கிறார்கள். ஆடு மேய்ந்தால் பற்றை குறையும், பற்றை குறைந்தால் காட்டுத்தீயும் குறையும். படைக்கும் இலாபம், இடையனுக்கும் இலாபம்.

ஆனால் அதே முகாமின் எல்லைக்குள் புறோவேஸ் என்றொரு கிராமம் இருந்தது. 1974இல் அந்தச் சனங்களை எழுப்பி வெளியே அனுப்பினார்கள். சட்டப்படி எடுத்தார்கள், நட்டஈடும் கொடுத்தார்கள். வீடுகள் இன்று கூரை இடிந்து நிற்கின்றன. முகாமின் பறவைகளைப் பற்றிப் பேசும்போது புறோவேஸ் சனங்களையும் சேர்த்துப் பேசினால்தான் அது முழுக் கணக்கு.

இப்போது எங்கள் ஊருக்கு வருவோம். பலாலி விமானத்தளம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியர் போட்டது. நான் சின்னப்பிள்ளையாக இருந்தபோது அந்தப் பக்கம் போனால் விமானத்தைவிடச் செம்மண்தான் கண்ணில் நிற்கும். வெங்காயம், உருளைக்கிழங்கு, புகையிலை, வாழை. மயிலிட்டியில் மீன், காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை. 1990 யூனில் போர் மறுபடி மூண்டபோது வலிகாமம் வடக்குச் சனங்கள் கையில் அகப்பட்டதோடு வெளிக்கிட்டார்கள். இரண்டு கிழமையில் திரும்பலாம் என்று கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு வந்தவர்கள் எத்தனை பேர் இந்த நிகழ்ச்சியைக் கேட்டுக்கொண்டிருப்பீர்கள்!

போர் 2009இல் முடிந்தது. 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கர் காணியை அரசு சுவீகரிக்கப் போவதாக அறிவித்தல் ஒட்டப்பட்டது. எங்கள் அளவையில் சொல்கிறேன்: ஏக்கருக்குப் பதினாறு பரப்பு. அப்படியென்றால் ஒரு இலட்சத்து இரண்டாயிரம் பரப்புக்கு மேல். உரிமையாளர்களைக் கண்டறிய முடியவில்லை என்பது அந்த அறிவித்தலில் சொன்ன காரணம். உரிமையாளர்களில் பல குடும்பங்கள் அப்போது சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் கோணாப்புலத்திலும் தகரக் கொட்டிலுக்குள் இருந்தன. சைக்கிளில் போய்க் கண்டறியக்கூடிய தூரம். சனங்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2015இலிருந்து காணிகள் துண்டு துண்டாக விடப்பட்டன. 2017 யூலையில் மயிலிட்டித் துறைமுகம் கிடைத்தது. 2025 ஏப்ரலில் வசாவிளான் - பலாலி வீதி திறந்தது, அதுவும் பகலில் மட்டும், இடையில் நிற்கக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. எல்லாக் காணியும் இன்னும் வரவில்லை.

அந்த இடைக்காலத்தில் அந்தச் செம்மண் சும்மா கிடக்கவில்லை. படையினர் அதிலே மரக்கறி பயிரிட்டுச் சந்தைக்கு விட்டார்கள். காங்கேசன்துறைக் கடற்கரையில் தல்செவன என்ற விடுதி நடத்தினார்கள். மரமும் நட்டார்கள். வேலையற்ற குடும்பத்துக்கு உதவி, கண் பரிசோதனை முகாம் எல்லாம் நடந்தன. வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வயிறு காய்ந்தவனிடம் கொள்கை பேசுவது பரிசில் இருந்துகொண்டு மிகவும் சுகம்.

ஆனால் நான் கணக்காளன். இந்தத் தொழிலில் முதல் நாள் படித்தது இரட்டைப் பதிவு. ஒரு பக்கத்தில் எழுதினால் மற்றப் பக்கத்திலும் எழுத வேண்டும். இரவல் காணியில் ஒருவர் ஆயிரம் மரம் நட்டால் அதை அவருடைய ஐந்தொகையில் சொத்து என்று போட என்னால் கையெழுத்து வைக்க முடியாது. அந்தக் காணிக்கு இத்தனை வருட வாடகை எங்கே, விளைந்த வெங்காயத்தின் வரவு எங்கே, இடித்த வீட்டின் பெறுமதி எங்கே என்று கேட்ட பிறகுதான் கொப்பியும் மரக்கன்றும் வரும். கடன்காரன் நன்கொடை கொடுத்தால் எங்கள் தொழிலில் அதற்குப் பெயர் நன்கொடை அல்ல. பகுதிக் கொடுப்பனவு.

மரத்தை விடுங்கள், தண்ணீருக்கு வருவோம். எனக்கு உண்மையில் பயம் அங்கேதான். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, அடியில் இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே ஒரு மெல்லிய படையாக நிற்கிறது. அதைத்தான் கிணற்றில் அள்ளுகிறோம். கல்லிலே வெடிப்பும் குகையும் இருப்பதால் மேலே ஊற்றியது வடிகட்டாமலே கீழே போய்விடும். சுன்னாகத்தில் மின்நிலைய எண்ணெய்க் கழிவு கிணறுகளில் கலந்த கதை உங்களுக்குத் தெரியும். அந்த வழக்கில் 2019இல் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட சனங்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு கொடுக்கச் சொன்னது.

படைமுகாம் என்றால் எரிபொருள் தாங்கி, வாகனத் திருத்தகம், ஆயிரக்கணக்கானோரின் மலசலகூடம், வெடிபொருள். அமெரிக்காவின் வட கரோலைனாவில் லெஜூன் என்ற முகாமில் 1953 முதல் 1987 வரை குடிதண்ணீரில் நச்சுக் கரைப்பான்கள் கலந்திருந்தன. குடித்தவர்கள் எதிரிகள் அல்ல, அமெரிக்கப் படையினரும் அவர்கள் பெண்சாதி பிள்ளைகளும். வழக்குப் போட வழிவிடும் சட்டம் 2022இல்தான் வந்தது. சொந்தப் படைக்கே முப்பத்தைந்து வருடம் காத்திருப்பு. ஆகவே காணி விடும் நாளில் மேடையும் மாலையும் போதாது. கிணற்று நீரைச் சோதித்த அறிக்கையையும் சேர்த்துக் கையில் தர வேண்டும். இதைக் கேட்பதில் அரசியல் ஒன்றும் இல்லை. குழந்தைக்குப் பால்மா கரைக்கிற தண்ணீர்.

அப்படியென்றால் முகாமும் சனமும் அயலாக வாழவே முடியாதா என்று அந்தத் தம்பி கேட்பார். முடியும். இங்கேயே பார்க்கலாம். 1971இல் லார்சாக் பீடபூமியில் இருந்த படைமுகாமை 3,000 ஹெக்டேயரிலிருந்து 17,000 ஆக்கப் போவதாகப் பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் டெப்றே அறிவித்தார். அங்கே ரோக்ஃபோர் சீஸுக்குப் பால் கறக்கும் ஆட்டுக்காரர். அவர்களில் 103 பேர் 1972இல் காணி விடமாட்டோம் என்று சத்தியம் செய்தார்கள். அதே வருடம் ஈபிள் கோபுரத்தின் கீழே ஆட்டை மேய விட்டார்கள். 1978இல் லார்சாக்கிலிருந்து பரிசுக்கு நடந்தே வந்தார்கள், 700 கிலோமீற்றருக்கு மேல். 1981இல் மித்தெரான் ஜனாதிபதியானதும் திட்டம் கைவிடப்பட்டது. அரசு ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்த 6,300 ஹெக்டேயர் விவசாயிகளின் சங்கத்துக்கு நீண்டகாலக் குத்தகைக்குப் போனது. அந்தக் குத்தகை 2083 வரை நீடிக்கிறது.

கவனியுங்கள், பழைய முகாம் மூடப்படவில்லை. 2016இல் வெளிநாட்டவர் படையணி ஒன்று, லெஜியோன் என்கிறோமே, அங்கே குடிவந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் ஆடு, அந்தப் பக்கம் சிப்பாய். இன்றைக்கும் விவசாயிகளுக்கு அவர்களோடு வாக்குவாதம் உண்டு. ஆனால் பேசுகிறவன் கையில் குத்தகைப் பத்திரம் இருக்கிறது. கொப்பி வாங்க வரிசையில் நிற்பவனும் பத்திரத்தோடு மேசைக்கு வருபவனும் ஒன்றல்ல.

அந்தத் தம்பியைப் போன கிழமை மறுபடி கண்டேன். இவ்வளவும் சொல்ல நேரமில்லை. "வீட்டை அப்பாவின்ரை காணி உறுதி இருக்குதோ?" என்று மட்டும் கேட்டேன். அடுத்த நாள் பிரதி எடுத்துக்கொண்டு வந்தார். அவருக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். கோப்பிக் கடையில் இருந்து இருவரும் வாசித்தோம். நாலு பக்கத்து எல்லையும் அயலாருடைய பெயர்களோடு எழுதியிருந்தது. அதன் பின், கிணற்றில் நாலில் ஒரு பங்கு, தண்ணீர் போகும் வாய்க்காலில் பங்கு, போய்வரும் வழியில் பங்கு, நிற்கும் பனைகள். "கிணத்தில கால் பங்கு எண்டா என்ன அங்கிள்?" என்று கேட்டார்.

முறை வைத்து இறைப்பதை விளங்கப்படுத்தினேன். இன்றைக்கு உன் முறை, நாளைக்கு அயலான் முறை, கோடையில் நீர் வற்றினால் எல்லோரும் குறைத்து இறைப்பது, வருடத்தில் ஒருநாள் எல்லாப் பங்காளரும் இறங்கிக் கலக்கி இறைப்பது. மற்ற மூன்று பங்கும் யாருடையது என்று அவர் உறுதியில் தேடினார். இரண்டு பெயர்கள் இருந்தன. ஒருவருடைய பிள்ளைகள் கனடாவில் என்று அப்பா சொன்னாராம். மற்றவரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.