அடைக்கலப் பொருள்



சிலப்பதிகாரத்திலே 'அடைக்கலக் காதை' என்று ஒரு காதை உண்டு. மதுரை நகரின் புறத்தே, கவுந்தியடிகள் கண்ணகியை மாதரி என்னும் ஆயர்குல முதுமகளிடம் அடைக்கலமாகக் கையளிக்கின்றார். கொடுத்தவர் தவத்திற் சிறந்தவர். ஏற்றவள் குணத்திற் குறைவற்றவள். இருந்தும் என்ன நேர்ந்தது? கோவலன் கொலையுண்டான், கண்ணகியின் வாழ்வு அழிந்தது. ஏற்ற அடைக்கலத்தைக் காக்க இயலாத துயரினால் மாதரி தீயிற் புகுந்தாள். அடிகளும் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்தார். மனிதர் மனிதரிடத்தில் வைக்கும் அடைக்கலத்தின் உயர்வையும் எல்லையையும் ஒருங்கே காட்டும் கதை இது.

இந்த எல்லையை நாம் எல்லோரும் என்றோ ஒருநாள் தொட்டே ஆகவேண்டும். மகனைக் கடல் கடந்த நாட்டுக்கு வழியனுப்பும் தந்தை, விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவோடு நின்றுவிடுகின்றார். வைத்தியசாலையிலே கணவனைச் சத்திரசிகிச்சைக்கு அனுப்பிய மனைவி, வெளியே மரவாங்கில் அமர்ந்து காத்திருக்கின்றாள். அதற்கப்பால் நம் கை நீளாது. கை நீளாத இடத்தில் கிறிஸ்தவன் செய்வது செபம். தன் அன்புக்குரியவரைப் பெயர் சொல்லி இறைவனிடம் ஒப்படைக்கின்றான். பாடுபடுவதற்கு முந்திய இரவிலே இயேசுபிரானும் தம் சீடரைப் பிதாவிடம் அவ்வாறே ஒப்படைத்ததாக யோவான் நற்செய்தி கூறுகின்றது. அவர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும்படி அவர் கேட்கவில்லை. தீமையிலிருந்து காக்கும்படியே கேட்டார்.

ஒப்படைத்தல் என்பது எத்தகையது? அதை விளக்க வடஆபிரிக்கத் தாய் ஒருத்தியின் வரலாறு போதும். மோனிக்காள் அம்மையாரின் மகன் அகுஸ்தீன், கி.பி. 354இல் தகாஸ்தே என்னும் ஊரிற் பிறந்தவர். கல்வியில் வல்லவர், ஆயினும் தாயின் விசுவாசத்தை விட்டு விலகியவர். 383ஆம் ஆண்டில் அவர் கார்த்தேஜ் துறையிலிருந்து உரோமைக்குப் புறப்பட எண்ணினார். தாய் அவரைப் பற்றிக்கொண்டு விடவில்லை. நண்பன் ஒருவனை வழியனுப்பவே வந்ததாகப் பொய் கூறி, அருகிலிருந்த புனித சிப்பிரியானின் ஆலயத்தில் அன்றிரவு தங்கும்படி அன்னையை இணங்கச் செய்தார். அவள் அங்கே கண்ணீரோடு செபித்துக்கொண்டிருக்கையில் கப்பல் பாய் விரித்தது. விடியற்காலையில் கடல்தான் இருந்தது, மகன் இல்லை.

அவ்விரவில் அவள் கேட்டது ஒன்றே: மகன் போகக்கூடாது. அது மறுக்கப்பட்டது. ஆனால், அந்தப் பயணத்தின் வழியேதான் அகுஸ்தீன் மிலான் நகரை அடைந்தார். அங்கே ஆயர் அம்புரோசின் போதனையைக் கேட்டார். 386இல் மனந்திரும்பி, 387ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளிலே ஞானஸ்நானம் பெற்றார். இறைவன் அன்னையின் அன்றைய வேண்டுதலை மறுத்தது, அவளுடைய என்றைக்குமான வேண்டுதலை நிறைவேற்றுவதற்கே என்று அகுஸ்தீனாரே பின்னாளில் தம் அறிக்கை நூலில் எழுதினார். அதே 387இல் அம்மையார் ஒஸ்தியாத் துறைமுகத்தில் நோயுற்றார். முன்பு சொந்த ஊரிலே கணவனருகில் அடக்கம் பெற விரும்பியவர், இப்பொழுது உடலை எங்கேனும் வையுங்கள், ஆண்டவரின் பீடத்தருகே என்னை நினைத்தாற் போதும் என்ற கருத்துப்படக் கூறி, ஐம்பத்தாறாம் வயதிற் கண்மூடினார். மகனை ஒப்படைத்துப் பழகியவர், தம்மை ஒப்படைக்கவும் கற்றிருந்தார்.

ஆயினும் நேயர்களே, எல்லாத் தாய்மாரின் கதையும் இவ்வாறு முடிவதில்லை. 1990ஆம் ஆண்டில் வீட்டைவிட்டுப் புறப்பட்ட என் இளைய சகோதரன் திரும்பி வரவில்லை. என் அன்னையார் இரவுச் செபத்திலே பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி, அவரவர்க்கு வேண்டியதைக் கேட்பார். அவன் பெயர் வரும்போது, தொடக்க ஆண்டுகளில், கொண்டுவந்து சேர்த்தருளும் என்று மன்றாடினார். பின்னர் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினார். வாலிபத் துணிவிலே நான் ஒருநாள் கேட்டேன்: "அம்மா, அவனை இருப்பவர்களோடு சேர்த்துச் சொல்லுகிறீர்களா, இறந்தவர்களோடு சேர்த்தா?" அவர் சொன்னார்: "எனக்குத் தெரியாது, மகன். அவருக்குத் தெரியும். அதனாலேதான் பெயரை மட்டும் சொல்லுகிறேன்."

மோனிக்காளுக்குக் கிடைத்த விடை என் அன்னைக்குக் கிடைக்கவில்லை. 2011இல் அவர் இறக்கும்வரை அந்தப் பெயர் வரிசையிலிருந்து நீங்கவுமில்லை. ஒப்படைத்தல் ஒரு பேரம் அன்று என்பதை நான் எந்த நூலிலிருந்தும் கற்கவில்லை. அந்தப் பெயருக்குப் பின்வந்த மௌனத்திலிருந்தே கற்றேன். இன்னது தந்தால் நம்புவேன் என்பது வாணிகம். நான் அறியாததை நீர் அறிவீர் என்று கையை விரித்து நிற்பதே அடைக்கலம். அது துயரைப் போக்கிவிடாது. துயருற்றவர் மறுநாள் எழுந்து அடுப்பை மூட்ட வலிமை தரும். என் அன்னை ஒவ்வொரு நாளும் எழுந்து அடுப்பை மூட்டினார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஒப்படைத்தல் கடமையிலிருந்து தப்பும் வழியுமன்று. சிலுவையில் தொங்கிய வேளையிலும் இயேசுபிரான் தம் அன்னையைத் தம் அன்புச் சீடரிடம் கையளித்தார். அன்றுமுதல் அச்சீடர் அவரைத் தம் இல்லத்தில் ஏற்றுக்கொண்டார். இறைவன் காக்கும் கரங்களிற் பல, அயலவரின் கரங்களே. முதிய தாய்க்காகச் செபிக்கிறவன் அவளுக்குக் கஞ்சியும் கொண்டுபோகட்டும். தூரத்து மகனுக்காகச் செபிக்கிறவர், அயல்வீட்டுத் தந்தையற்ற பிள்ளையின் படிப்பையும் விசாரிக்கட்டும். காலைதோறும் பாடசாலை வாயிலிலே பெற்றோர் தம் பிள்ளைகளின் கையை விட்டுச் செல்வதைக் காணும்போது, மாதரியை நினைத்து என் உள்ளம் நடுங்குவதுண்டு. யாரோ ஒருவரின் செபத்துக்கு விடையாக நாம் அங்கே நிறுத்தப்பட்டிருக்கின்றோம்.

இன்றிரவு விளக்கை அணைக்குமுன், உங்கள் அன்புக்குரியவரின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாருங்கள். கேட்கத் தெரிந்தால் கேளுங்கள். கேட்கத் தெரியாத இடத்தில் பெயரை மட்டும் சொல்லி நிறுத்துங்கள். அதுவும் செபமே.