துளையைப் பார்த்து ஒயர் வாங்குவோம்

தமிழக அரசு 2006-ல் வீடுகளுக்கு 14 அங்குல வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியது. 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில் மாணவர்களுக்கான விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் இந்த இரண்டும் கிடைத்த ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். டி.வி.யின் முதுகில் ஏ.வி. ஒயருக்கான வட்டத் துளைகள். லேப்டாப்பின் விலாவில் 15 ஊசிக்கான வி.ஜி.ஏ. துளை, அல்லது தட்டையான எச்.டி.எம்.ஐ. துளை. இரண்டும் நேராகச் சேராது. அதனால் லேப்டாப்பின் திரை உடைந்தால் உள்ளே எல்லாம் நன்றாக இருந்தும் அது பரணுக்குப் போகிறது, பிறகு காயலான் கடைக்கு. அதற்கு முன் சரியான ஒயர் ஒன்றைத் தேடினால் அந்த லேப்டாப்புக்கு இன்னும் சில ஆண்டு ஆயுள் கிடைக்கும் என்பதே என் கட்சி.

சரியான ஒயர் எது? இறாலுக்கு ஒரு வலை, மடவைக்கு ஒரு வலை என்று வைத்திருக்கும் ஏரி மீனவர்கள் ‘எது உசத்தியான வலை’ என்று கேட்பதில்லை. ஒயருக்கும் அதே நியாயம்தான். 1987-ல் ஐ.பி.எம். கொண்டுவந்த வி.ஜி.ஏ., சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பியில் மின்னழுத்த ஏற்ற இறக்கமாக அனுப்புகிறது. ஒலி அதில் வராது. 2002-ல் வந்த எச்.டி.எம்.ஐ. படத்தையும் ஒலியையும் எண்களாக அனுப்புகிறது. ஆகவே ஒன்றை மற்றொன்றோடு சேர்க்க வெறும் ஒயர் போதாது. நடுவில் சிப் உள்ள கன்வெர்ட்டர் வேண்டும். அதுவும் ஒருவழிப் பாதை. எச்.டி.எம்.ஐ.யை வி.ஜி.ஏ.வாக மாற்றும் பெட்டியைத் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. பழைய படக்குழாய் டி.வி.க்கும் கன்வெர்ட்டர் உண்டு. ஆனால் அதில் சினிமா பார்க்கலாமே தவிர, சின்ன எழுத்தைப் படிக்க முடியாது. அலுவலகங்கள் கழித்துப்போட்ட பழைய மானிட்டரே மேல்.

ஏரிக்கரையில் உப்புக்காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். வி.ஜி.ஏ.வின் நிறக் கம்பி ஊசியில் துரு ஏறினால் படம் மறையாது, நிறம்தான் மாறும்: நீலக் கம்பி விட்டால் மஞ்சள் படரும், பச்சை விட்டால் ஊதா கலந்த சிவப்பு. எச்.டி.எம்.ஐ. அப்படி முன்கூட்டிச் சொல்லாது; படத்தில் கொஞ்சம் புள்ளிகள் மின்னும், பிறகு திரை கறுத்துவிடும். பொன் முலாம் பூசிய முனை படத்தைத் தெளிவாக்கும் என்று கடையில் சொல்வது வெறும் வியாபாரப் பேச்சு. பொன் துருப்பிடிக்காது என்பது மட்டும் உண்மை, அதற்காக வேண்டுமானால் வாங்கலாம்.

‘இப்போதுதான் ஒயரில்லாமலே படம் போகிறதே’ என்பார்கள். போகும்; ஆனால் அந்த வசதி இரு கருவியிலும் இருக்க வேண்டும், பழைய மானிட்டரில் அது கிடையாது. ‘இனி எல்லாம் சி-டைப்தானே’ என்பது இன்னும் வலுவான கேள்வி. 2014-ல் வந்த அந்தத் துளை வெளித்தோற்றத்தில் எல்லா லேப்டாப்பிலும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் சிலவற்றில் சார்ஜும் தரவும் மட்டுமே போகும், படம் போகாது. செல்போனோடு வந்த சார்ஜர் ஒயரும் பெரும்பாலும் படத்தைச் சுமக்காது. வடிவம் ஒன்றாகிவிட்டதால் ஏமாறும் வாய்ப்பு கூடியிருக்கிறது என்றே சொல்வேன்; லேப்டாப்பின் விவரக்குறிப்பைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இத்தனை மெனக்கெடல் எதற்கு? ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசிய கடல் தகவல் சேவை மையம் அலை உயர முன்னறிவிப்பையும், மீன் கூடும் இடங்களைக் காட்டும் வரைபடத்தையும் வெளியிடுகிறது. உள்ளங்கைத் திரையில் அதை ஒருவர்தான் பார்க்க முடியும். மீனவர் சங்கக் கட்டடத்தில் திரை போன ஒரு லேப்டாப்பும் ஒரு எல்.இ.டி. டி.வி.யும் இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து பார்த்துப் பேசலாம். இணைத்த பிறகும் படம் வராவிட்டால் விண்டோஸ் பொத்தானோடு ‘பி’ எழுத்தை அழுத்துங்கள். பொன்னேரிக்கோ சென்னை ரிச்சி தெருவுக்கோ பஸ் ஏறுமுன் இரு பக்கத்துத் துளைகளையும் செல்போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். ஒயரின் நீளம் 5 மீட்டருக்குள் இருக்கட்டும்.