ஆசை வேறு, இன்பம் வேறு
பூதலூர்க் கருத்தரங்கத் தலைமையுரை



இன்பம் என்றால் என்ன என்று மெய்யியலாரும் மூளை ஆய்வாளரும் ஒரே அவையில் அமர்ந்து பேசுவது அரிது. அந்த வாய்ப்பு இன்று பூதலூரில் அமைந்திருக்கிறது. இரு சாராருக்கும் பொதுவான ஒரு கேள்வியை முன்வைக்கிறேன். நாம் ஆசைப்பட்டுத் தேடுவதும், கிடைத்தபின் துய்ப்பதும் ஒன்றுதானா?

1954-இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஓல்ட்ஸும் பீட்டர் மில்னரும் எலிகளின் மூளையில் மின்முனை பொருத்தினார்கள். நெம்புகோலை அழுத்தினால் மின்தூண்டல் கிடைக்கும். எலிகள் ஓயாமல் அழுத்தின. இன்பத்தின் இருப்பிடம் அகப்பட்டுவிட்டதாகவே பலரும் நம்பினர். பிற்பாடு, மூளையில் சுரக்கும் டோபமைனுக்கு ‘இன்ப வேதிப்பொருள்’ என்ற பெயரும் வந்தது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜ் அந்த நம்பிக்கையை அசைத்தார். டோபமைன் ஏறக்குறைய முழுதும் அழிக்கப்பட்ட எலி, உணவு எதிரே இருந்தும் தானாகத் தின்னாது. ஆனால் இனிப்புக் கரைசலை வாயில் விட்டால், முன்போலவே நாக்கை நீட்டி உதட்டை நக்கும். தேடும் வேட்கை போய்விட்டது. சுவைக்கும் இன்பம் போகவில்லை. பச்சைக் குழந்தையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்த நம் பாட்டிமார் கண்டதும் இதே முகக்குறிதான். உள்ளத்து உணர்வை உடலில் தோன்றும் குறிகொண்டு அறிய மெய்ப்பாட்டியல் வகுத்த தொல்காப்பியர் இந்த ஆய்வு முறையை அந்நியமாகக் கருதியிருக்கமாட்டார்.

அப்படியானால் டோபமைனின் வேலை என்ன? மூளை ஆய்வாளர் வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் குரங்குகளை ஆராய்ந்தார். பழச்சாறு வரும் என்பதற்கான அடையாளம் பழகிவிட்டால், டோபமைன் நரம்பணுக்கள் சாற்றுக்கு அல்ல, அடையாளத்துக்கே கிளர்ந்தெழும். உரிய நேரத்தில் சாறு வராவிட்டால் அடங்கிப்போகும். ஜூன் 12-இல் மேட்டூர் அணை திறக்கும் என்ற செய்திக்கே பூரித்து, திறக்காத ஆண்டில் சோர்ந்துபோகும் காவிரி டெல்டா உழவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி நம் இலக்கியத்துக்கு வருவோம். அவா அறுத்தலுக்குத் தனி அதிகாரம் வைத்த வள்ளுவரே மூன்றாம் பாலில் இன்பத்தைக் கொண்டாடினார். அவர் விலக்கச் சொன்னது அவாவை; இன்பத்தை அன்று. இதைக்கொண்டு வள்ளுவரும் பெரிட்ஜும் ஒன்றையே சொன்னார்கள் என்று நான் வாதிடமாட்டேன். எலியின் வேட்கை எண்ணத்துக்கு முன்னே எழுவது. வள்ளுவர் பேசுவது, மனிதன் எண்ணிப்பார்த்து விலக்கக்கூடிய அவா. இந்த இடைவெளியில்தான் நம் கருத்தரங்கின் பணி இருக்கிறது.

அந்தப் பணி ஏட்டோடு நிற்பதன்று. போதைக்கு அடிமையானவரிடம் வேட்கை பெருகிக்கொண்டே போகிறது, துய்ப்பு அதற்கு ஈடாகப் பெருகுவதில்லை என்று டெரி ராபின்சனும் பெரிட்ஜும் 1993-இல் எழுதினார்கள். குடியால் சீரழிந்த குடும்பங்கள் நம் ஊர்களில் எத்தனை! ‘சுகத்துக்காகக் குடிக்கிறான்’ என்று ஏசுவது அந்த மனிதரைப் புரிந்துகொண்ட பேச்சன்று. அவருக்குச் சிகிச்சையும் வேண்டும், துணையும் வேண்டும்.

கட்டுரையாளர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: இன்பம் என்று எழுதுமிடமெல்லாம், வேட்கையைச் சொல்கிறீர்களா, துய்ப்பைச் சொல்கிறீர்களா என்று தெளிவுபடுத்துங்கள். அந்தத் தெளிவோடு இந்த அவை விவாதிக்கட்டும். கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.