உழைத்தவர் ஒருவர், பெயர் ஒருவர்

(ஆசிரியர் நாளையொட்டித் திருத்தணியில் இளைஞர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



ஆசிரியர் நாள் வந்தால் நம் ஊருக்குக் கூடுதல் பெருமை. 1888 செப்டம்பர் 5 அன்று சர்வபள்ளி இராதாகிருஷ்ணன் பிறந்த ஊர் திருத்தணி என்று பள்ளியில் கட்டுரை எழுதியே வளர்ந்தவர்கள் நாம். நானும் எழுதிப் பரிசு வாங்கியிருக்கிறேன். ஒரு எவர்சில்வர் டம்ளர். அந்தக் கட்டுரையில் இல்லாத ஒரு பெயரை இன்று சொல்ல வேண்டும்: ஜாதுநாத் சின்ஹா.

1920களில் இராதாகிருஷ்ணன் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர். சின்ஹா இளம் ஆய்வாளர். ஓர் ஆய்வு உதவித்தொகைக்காக சின்ஹா கொடுத்த ஆய்வேட்டை மதிப்பிட்டவர்களில் இராதாகிருஷ்ணனும் ஒருவர். 1927இல் இராதாகிருஷ்ணனின் இந்தியத் தத்துவ நூலின் இரண்டாம் தொகுதி வெளிவந்தது. அதில் தன் ஆய்வேட்டின் பகுதிகள் எடுத்தாளப்பட்டிருக்கின்றன என்று 1929இல் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் சின்ஹா எழுதினார். இராதாகிருஷ்ணன் மறுத்தார். இருவரும் ஒரே சமஸ்கிருத மூலங்களைக் கையாண்டதால் வந்த ஒற்றுமை அது என்றார். சின்ஹா வழக்குத் தொடுத்தார். சின்ஹா மீதும் இதழின் ஆசிரியர் இராமானந்த சட்டர்ஜி மீதும் இராதாகிருஷ்ணன் அவதூறு வழக்குத் தொடுத்தார். 1933இல் சமரசம் ஆனது. தீர்ப்பே வரவில்லை.

ஆகவே 'திருடினார்' என்று நான் சொல்லப் போவதில்லை. சின்ஹாவை ஒடுக்கப்பட்டவராகக் காட்டவும் வரவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கதையைச் சொன்னதும் 'அவராவது, அப்படிச் செய்வதாவது' என்று நமக்குள் ஒரு குரல் எழுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? சின்ஹாவைப் பற்றி 'அவராவது, பொய் சொல்வதாவது' என்று ஏன் ஒரு குரலும் எழவில்லை? மேலே இருப்பவருக்கு நம்பிக்கை பிறப்பிலேயே வந்துவிடுகிறது. கீழே இருப்பவர் ஒவ்வொரு முறையும் ஆதாரம் காட்ட வேண்டும். சாதியும் இப்படித்தானே வேலை செய்கிறது?

இன்னொரு தலைவரைப் பாருங்கள். 1949 நவம்பர் 25 அன்று அரசமைப்பு அவையில் பேசிய அம்பேத்கர், தனக்குத் தரப்படும் பெருமை முழுவதும் தன்னுடையது அல்ல என்றார். ஆலோசகர் பி.என்.ராவ் பெயரைச் சொன்னார். அதைவிடப் பெரிய பங்கு தலைமை வரைவாளர் எஸ்.என்.முகர்ஜிக்கு உரியது என்றார். அவருக்குக் கீழே வேலை செய்த ஊழியர்களையும் விடவில்லை. வரைவுக்குழுவில் மற்றவர்கள் பலவாறு விலகிப்போக, சுமை அம்பேத்கர் தலையில் விழுந்ததை அதே குழுவின் டி.டி.கிருஷ்ணமாச்சாரியே ஓராண்டுக்கு முன் அவையில் சொல்லியிருந்தார். அப்படிச் சுமந்தவர்தான் பங்கு பிரித்துக் கொடுத்தார். இன்று அந்தப் பேச்சையே வெட்டி எடுத்து, 'பார், அவரே ஒப்புக்கொண்டார், அவர் எழுதவில்லை' என்று பரப்புகிறார்கள். நேர்மையாக இருப்பதற்குக்கூட நம்மவர்கள் தனியாக ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது.

பெரியவர்களைப் பற்றியே பேசிவிட்டுப் போனால் அது யோக்கியமாகாது. சில ஆண்டுகளுக்கு முன் திருவள்ளூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தேன். எங்கள் லைனில் ஜிக்கில் உட்காரும்போதே பாகங்களில் கீறல் விழும். நிறைய ரிஜெக்ட். காலனியிலிருந்து வந்த ஒரு காண்ட்ராக்ட் தொழிலாளி, பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஜிக்கின் ஓரத்தில் ஒட்டினார். கீறல் நின்றது. மேலாளர் அதைத் தன் பெயரில் மேலிடத்துக்குக் கொண்டுபோனார். யோசனைப் படிவத்தில் ஊழியர் எண் கேட்கும். காண்ட்ராக்ட் ஆளுக்கு எண் கிடையாது. அதனால் தவறே நடக்காதது போலவும் ஆகிவிட்டது. மேலாளருக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தபோது அந்தத் தம்பியும் கை தட்டினார்.

அந்த பிபிடியைத் தயாரித்தவன் நான். யாருடைய யோசனை என்று எனக்குத் தெரியும். 'சார், அவர் பெயரையும் போடலாமா' என்று கேட்க ஒரு நிமிடம் போதும். கேட்கவில்லை. எனக்கு அடுத்த மாதம் கன்ஃபர்மேஷன்.

பிறகு வேறொரு இயந்திரத்தில் அதே மாதிரிக் கோளாறு வந்தது. அவர் பார்த்தார். பேசாமல் பாகங்களை எடுத்து ரிஜெக்ட் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார்.

இந்த ஆண்டு ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில், மலையடிவாரத்தில் அவரைப் பார்த்தேன். டீக்கடையில் நிறுத்தி, அந்த பிபிடியைச் செய்தது நான்தான் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

"தெரியும்ணா. லைன்ல கம்ப்யூட்டர் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே. நீயா வந்து சொல்வேன்னு ரொம்ப நாள் பார்த்தேன்."