காற்றாடி மேலே, காவல் மண்ணுக்குள்ளே



வீட்டுக்கு மின்சாரம் தரும் சிறிய காற்றாலையைக் காண்பவர்கள் அண்ணாந்து அதன் இறக்கைகளைத்தான் பார்க்கிறார்கள். ஆனால், அது நிற்குமா விழுமா என்பதை முடிவு செய்வது மண்ணுக்குள் கிடக்கும் நங்கூரம்.

மலேசியாவின் கிழக்குக் கரையில் நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. வீடுகளும் மரங்களும் தரையோரக் காற்றைத் தடுப்பதால், சிறிய காற்றாலைக்கும் உயரமான கம்பம் தேவை. அவ்வளவு உயரத்தில் ஏறிப் பழுது பார்ப்பது ஆபத்து. ஆகவே, அடியில் கீல் பொருத்தி, தேவையானபோது படுக்க வைத்து மீண்டும் நிமிர்த்தும் கம்பத்தைப் பலர் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இக்கம்பத்தை நான்கு திசைகளிலும் உருக்குக் கம்பிகள் இழுத்துப் பிடிக்கின்றன. தெருவோர மின்கம்பத்தின் ஸ்டே கம்பியைப் போலத்தான். கம்பம் 20 மீட்டர் என்றால், நங்கூரங்களை அடியிலிருந்து 10 மீட்டராவது தள்ளிப் புதைப்பது வழக்கம். இடமில்லை என்று நெருக்கி வைத்தால் கம்பியின் இழுவிசை கூடிவிடும். பக்கவாட்டு நங்கூரங்கள் இரண்டும் கீலுக்கு நேராகவும் அதே மட்டத்திலும் இருக்க வேண்டும். இல்லையேல், தூக்கும்போது பக்கக் கம்பிகள் அளவுக்கு மீறி இறுகும் அல்லது தளரும், கம்பம் வளையும்.

இனி முக்கியமான செய்திக்கு வருவோம். காற்றின் வேகம் இரு மடங்கானால், கம்பத்தைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதே பருவத்தில் மழையும் கொட்டுகிறது. கரையோர மணலில் நிலத்தடி நீர் மேலேறுகிறது. ஒரு கன மீட்டர் கான்கிரீட்டின் எடை ஏறத்தாழ 2,400 கிலோ. அது நீரில் முழுதும் மூழ்கினால், நீர் மேல்நோக்கித் தள்ளுவதால் 1,400 கிலோ அளவுக்கே பாரம் தரும். காற்று முரட்டுத்தனமாக இழுக்கும் மாதங்களில்தான் நங்கூரமும் வலுவிழக்கிறது! வெயில் காலத்தில் இழுத்துப் பார்த்து, "அசையவில்லை" என்று மனநிறைவு கொள்வது போதாது. நனைந்த மண்ணைக் கணக்கில் கொண்டு பொறியாளர்தான் அளவு சொல்ல வேண்டும்.

கம்பத்தை நிமிர்த்தும்போது, அது தரையை விட்டு எழும் நேரத்தில்தான் பாரம் மிக அதிகம். எனவே, முதல் முறை இயந்திரத்தைப் பொருத்தாமல் கம்பத்தை மட்டும் தூக்கிப் பார்ப்பது நல்லது. காற்றில்லாத நாளாகப் பார்த்துச் செய்ய வேண்டும். கம்பம் விழக்கூடிய தூரத்துக்குள் எவரும் நிற்கக் கூடாது. வேடிக்கை பார்க்க வரும் பிள்ளைகளை முதலில் விலக்கி நிறுத்துங்கள்.

உப்புக் காற்றில் கம்பி துருப்பிடிக்கும். அதிர்வில் டர்ன்பக்கிள் தானே கழன்றுவிடும். அதை மெல்லிய கம்பியால் கட்டிவைக்க வேண்டும். ஒவ்வோர் அக்டோபரிலும் இவற்றைச் சோதிப்பது அவசியம்.

விற்பனையாளரிடம் "எத்தனை வாட்?" என்று கேட்பதற்கு முன், "மழைக்காலத்தில் இந்த நங்கூரம் தாங்குமா?" என்று கேளுங்கள். அதற்குக் கணக்கோடு பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுக்கலாம்.