பொடியும் சடங்கும்

மூக்குப்பொடி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம்மில் பலருக்கு நகைப்புத்தான் வருகின்றது. சிறிய தகர டப்பி, கறை படிந்த கைக்குட்டை, கூடத்தையே அதிரச் செய்யும் இரண்டு தும்மல்கள்: இவ்வளவுதான் அப்பொருளைப் பற்றி நாம் வைத்திருக்கும் சித்திரம். ஆனால் உலகின் மறுகோடியில், தென்னமெரிக்காவின் அமேசான் காடுகளில், இதே புகையிலைப் பொடியை மூக்கில் ஏற்றிக்கொள்வது ஒரு வழிபாட்டுச் செயல். அங்கே அதைக் கண்டு யாரும் நகைப்பதில்லை. இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பயனுடையது என்று நாம் கருதுகின்றோம். ஹைதராபாத்தில் வாழும் நேயர்களுக்கு இதில் தனியான உறவும் ஒன்று உண்டு. அதைப் பின்னர் கூறுவோம்.

பிரேசில் நாட்டின் மேற்குக் கோடியில் ஆக்ரே என்பது ஒரு மாநிலம். அங்கே ஜுருவா, கிரெகோரியோ முதலிய ஆறுகளின் கரைகளில் யவனவா, ஹுனி குயின் முதலான பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். இவர்கள் புகையிலையை உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியில் சலித்து, குறிப்பிட்ட சில மரங்களின் பட்டையைச் சுட்டெடுத்த சாம்பலை அதனுடன் கலந்து பொடி செய்கின்றனர். பிரேசிலில் இதற்கு ‘ஹபே’ என்று பெயர். அந்தப் பெயர் காட்டில் பிறந்ததன்று. ‘துருவியது’ என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லே போர்த்துக்கேசிய மொழி வழியாக அங்கே போய்ச் சேர்ந்தது. பொருள் காட்டிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்றது. பெயர் ஐரோப்பாவிலிருந்து காட்டுக்கு வந்தது. வாணிபத்தின் விளையாட்டுக்களில் இதுவும் ஒன்று.

பொடியை ஏற்றும் முறையே நாம் கவனிக்க வேண்டியது. மூங்கிலாலோ எலும்பாலோ ஆன நீண்ட குழலின் ஒரு முனையில் பொடியை இடுகின்றனர். பெறுபவர் அசையாமல் அமர்ந்திருக்க, எதிரே இருக்கும் மூத்தவர் சிறிது நேரம் மனத்தை ஒருமுகப்படுத்தி, பின்னர் குழலின் மறுமுனையில் வாய் வைத்து ஒரு மூச்சில் ஊதுகின்றார். முதலில் ஒரு நாசி, அடுத்து மற்றது. கண்ணீர் பெருகும், எச்சில் ஊறும், தலை சுழலும். சிலருக்கு வாந்தியும் வரும். அதன் பின்னர் நெடுநேரம் மௌனம். தேபி எனப்படும் இக்குழலுக்கு இருவர் வேண்டும். தனக்குத் தானே ஊதிக்கொள்வதற்குக் குரிபே என்னும் வளைந்த சிறு குழலும் அவர்களிடம் உண்டு. ஆயினும் சடங்கின் உயிர்நிலை அந்த இருவர் முறையிலேதான் இருக்கின்றது. ஊதுபவருடைய மனநிலையும் மூச்சும் பெறுபவருக்குள் செல்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. ஆகையால் எவர் கையாலும் அதை வாங்கிக்கொள்ள மாட்டார்கள்.

பெரு, பிரேசில் எல்லையில் வாழும் மட்செஸ் மக்களிடமும் இப்படிப் பிறர் ஊதத் தாம் ஏற்கும் வழக்கம் உண்டு. கோக்கோ இனத்து மரப்பட்டையின் சாம்பலை அவர்கள் சேர்க்கின்றனர். அமேசான், ஓரினோகோ ஆற்றுப் பகுதிகளில் மூக்கில் ஏற்றப்படும் பொடிகள் யாவும் புகையிலை என்று நினைத்துவிடக் கூடாது. யனோமாமி மக்கள் ஊதிக்கொள்ளும் பொடி மரப்பட்டையிலிருந்தும் வித்துக்களிலிருந்தும் கிடைப்பது. மயக்கக் காட்சிகளை உண்டாக்குவது. கொலம்பஸின் காலத்திலேயே, 1490-களில், ரமோன் பானே என்ற பாதிரியார் ஹிஸ்பானியோலாத் தீவின் மக்கள் ‘கொஹோபா’ என்ற பொடியை நாணல் குழலால் உறிஞ்சித் தம் தெய்வங்களோடு பேசியதைக் குறித்து வைத்தார். அதுவும் பெரும்பாலும் ஒரு மர வித்தின் பொடியே என்று அறிஞர் கருதுகின்றனர்.

குழலில் மருந்துப் பொடியை இட்டுப் பிறர் வாயால் ஊதுவது அமேசானுக்கே உரியது என்று எண்ணினால் அது பிழையாகும். புகையிலை இந்நாட்டுக்கு வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே நம் வைத்தியர்கள் அதைச் செய்து வந்தனர். ஆயுர்வேதத்தின் பஞ்சகர்மங்களில் நசியம் ஒன்று. ஏறத்தாழ 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம், சூத்திர ஸ்தானத்தின் இருபதாம் அத்தியாயத்தில், நசிய வகைகளை விரித்துரைக்கும்போது பொடியை ஊதும் முறையையும் வகுக்கின்றது. இருபுறமும் வாயுள்ள, ஆறு அங்குல நீளமுள்ள குழலில் மருந்தை இட்டு வாய்க்காற்றால் ஊத வேண்டும் என்பது விதி. யாருக்குக் கூடாது என்பதையும் அது சொல்கின்றது. ஏழு வயது நிரம்பாதவருக்கு இல்லை. எண்பதைக் கடந்தவருக்கு இல்லை. உணவு உண்டவுடனும் நீராடியவுடனும் இல்லை. இத்தகைய பழைய மருத்துவ நூல்களைத் தொகுத்து ஆராயும் தேசிய இந்திய மருத்துவ மரபு நிறுவனம் நமது ஹைதராபாத்திலேயே இருக்கின்றது என்பதை நேயர்களில் பலர் அறியாதிருக்கலாம்.

யவனவா மூதாளர்க்கும் வாக்படருக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை. இருந்தும் இருவரும் ஒரே இடத்தில் காவல் வைத்திருக்கின்றனர். கொடுப்பவர் வேறு, கொள்பவர் வேறு. எவ்வளவு, எப்போது, யாருக்கு என்பதைக் கொள்பவருடைய ஆசை முடிவு செய்வதில்லை.

இனிப் புகையிலை நம் நாட்டுக்கு வந்த கதை. போர்த்துக்கேசியர் கொண்டு வந்த செடி முதலில் வேரூன்றிய இடங்களில் தக்காணமும் ஒன்று. அக்பருடைய தூதராகப் பிஜப்பூர் சென்ற ஆசாத் பேக், 1604-ஐ ஒட்டி அங்கிருந்து திரும்பும்போது புகையிலையையும் மணிகள் இழைத்த புகைக்குழாயையும் கொண்டு சென்று ஆக்ராவில் பாதுஷாவின் முன் வைத்தார். அரண்மனை வைத்தியர் தடுத்தார். தம் நூல்களில் கூறப்படாத பொருளை அரசருக்கு எவ்வாறு அனுமதிப்பது என்பது அவர் வாதம். உலக வழக்கங்கள் அனைத்தும் ஒரு காலத்தில் புதியனவாக இருந்தவைதாமே என்று ஆசாத் பேக் விடை கூறினார். வைத்தியர் பேச்சு அன்று எடுபடவில்லை. அக்பருடைய மகன் ஜஹாங்கீர் 1617-இல் புகைப்பதைத் தடை செய்தார், அதுவும் எடுபடவில்லை.

தக்காணத்து அரண்மனைகள் புகைக்கு ஒரு பெரிய சம்பிரதாயத்தையே அமைத்துக் கொடுத்தன. கருநிற உலோகத்தில் வெள்ளி இழைத்த பிதரி வேலைப்பாட்டு ஹூக்காக்கள் அதன் சாட்சி. பீதர் நகரம் 1956 வரையில் ஹைதராபாத் இராச்சியத்தைச் சேர்ந்ததாகவே இருந்தது. சாலார் ஜங் அருங்காட்சியகத்துக்குச் செல்பவர்கள் அந்த ஹூக்காக்களின் அடிப்பாகங்களைக் காணலாம். பெரியோர் சபையில் யார் புகைக்கலாம், யார் புகைக்கலாகாது என்பதெல்லாம் அக்காலத்தில் அந்தஸ்தைப் பொறுத்தது. பொடிக்கு இந்தத் தர்பார் வாழ்வு வாய்க்கவில்லை. அதன் புகழ் வேறு வழியில் வந்தது. கோல்கொண்டா அரசின் துறைமுகமாக விளங்கிய மசூலிப்பட்டணத்தின் பெயரால் ஒரு மூக்குப்பொடி, 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் கடைகளில் கூட விற்பனையாயிற்று. முன்னர் நாம் குறிப்பிட்ட உறவு இதுதான்.

தமிழ்நாட்டில் பொடிக்குக் கிடைத்த இடம் தனியானது. புகை பிடிப்பதை ஒழுக்கக் குறைவாகக் கருதிய வீடுகளிலும் பொடி தாராளமாக நடமாடியது. இதற்குக் காரணம் என்ன என்று நாம் யோசித்துப் பார்த்ததுண்டு. சுருட்டும் பீடியும் உதட்டில் படுபவை, எச்சில். பொடியோ வாயைத் தொடுவதில்லை. எனவே ஒரே டப்பியிலிருந்து நான்கு பேர் ஒவ்வொரு சிட்டிகை எடுத்துக்கொண்டாலும் ஆசாரம் கெடவில்லை. கணக்குப்பிள்ளை, புலவர், வித்துவான், பள்ளி ஆசிரியர் என்று தலையை உபயோகித்துத் தொழில் செய்தவர்களே இதைப் பெரிதும் நாடினர். மடியில் பொடிமட்டை செருகியிராத புலவரை அந்நாளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அறிஞர் அண்ணாவின் பொடிப் பழக்கம் நாடறிந்தது.

இலக்கியமும் இதை விட்டுவைக்கவில்லை. சீனிச்சர்க்கரைப் புலவர் புகையிலையையே தூதாக விடுத்துப் பழனி முருகன்மீது ‘புகையிலை விடு தூது’ பாடினார். அதை 1939-இல் அச்சேற்றியவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். புகையிலைக்குப் பிரமபத்திரம் என்ற பெயர் வந்ததற்கு அங்கே ஒரு கதை உண்டு. மும்மூர்த்திகளிடம் மூன்று இலைகள் ஒப்படைக்கப்பட்டன; மறுநாள் அவற்றைத் திருப்பிக் காட்ட வேண்டும். சிவபெருமானுடைய வில்வத்தைக் கங்கை கொண்டு போயிற்று. திருமாலின் துளசியைப் பாற்கடல் கொண்டு போயிற்று. பிரமன் மட்டும் தன் இலையைக் கலைமகளின் நாவில் பத்திரப்படுத்தினான். மற்றவை போயின, இது ‘போகையிலை’ என்றான். அதுவே புகையிலை ஆயிற்றாம். வெளிநாட்டிலிருந்து கப்பலேறி வந்த இலைக்குச் சில நூற்றாண்டுக்குள் நாம் புராணமே எழுதிவிட்டோம். நீத்தார் நினைவு நாளில் அவர் விரும்பிய பண்டங்களோடு ஒரு பொடிமட்டையையும் படையலில் வைக்கும் குடும்பங்கள் உண்டு. நமக்கும் சடங்கு இல்லாமல் இல்லை. ஆனால் இறந்தவருக்கு அளவு தேவைப்படாது.

1806-இல் சிகந்தராபாத் படை முகாம் அமைந்த பின்னர்ப் படையினராகவும் ஒப்பந்தக்காரர்களாகவும் இங்கே வந்து குடியேறிய தமிழர்கள் வெற்றிலைப் பெட்டியோடு பொடிமட்டையையும் கொண்டு வந்திருப்பார்கள் என்று எண்ணுவதில் தவறில்லை. டப்பியின் மூடியைத் தட்டித் திறந்து, தமக்கு எடுப்பதற்கு முன் எதிரே இருப்பவருக்கு நீட்டுவது ஒரு மரியாதை. எனினும் அது மரியாதைதானே அன்றிக் காவலன்று. நீட்டியவர் போன பின்பும் டப்பி மடியிலேயே இருக்கும். அதுதான் வேற்றுமை. காட்டில் பொடி ஒரு நிகழ்ச்சி. நம்மிடம் அது ஒரு பழக்கம்.

பொருளின் தன்மையில் அவ்வளவு வேற்றுமை கிடையாது. நமது பொடியில் பக்குவம் செய்த புகையிலையோடு நெய்யும் சுண்ணாம்பும் சேர்கின்றன. அமேசானில் சாம்பல் சேர்கின்றது. சுண்ணாம்பும் சாம்பலும் செய்யும் வேலை ஒன்றே. அவற்றிலுள்ள காரத்தன்மை, இலையிலுள்ள நிகோடினை விடுவித்து, மூக்கின் மெல்லிய சவ்வு வழியாக விரைவில் இரத்தத்தில் கலக்கச் செய்கின்றது. வேதியியல் படிக்காத இரு கூட்டத்தார் இந்த நுட்பத்தைத் தனித்தனியே கண்டறிந்தனர் என்பது வியப்புக்குரியதே. அமேசான் பொடிக்குப் பெரிதும் பயன்படும் ‘நிகோடியானா ரஸ்டிகா’ என்ற இனத்தில், சிகரெட்டுக்காகப் பயிராகும் இனத்தைவிட நிகோடின் மிகுதி. இந்த ரஸ்டிகா வட இந்தியாவிலும் ஹூக்காவுக்காகவும் மெல்லுவதற்காகவும் பயிராகின்றது. காட்டுக்கே உரிய தெய்வப் பயிர் என்று அதைத் தனியே பிரித்துவிட இயலாது.

தீங்கும் அவ்வாறே. லண்டன் வைத்தியர் ஜான் ஹில் 1761-ஆம் ஆண்டிலேயே, அளவு மீறிப் பொடி போடுவோருக்கு மூக்கில் புற்று வருவதாக எழுதி எச்சரித்தார். புகையாத புகையிலையும் புற்றுநோயை விளைவிப்பதென்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆய்வு முகமை இன்று திட்டவட்டமாக வகைப்படுத்தியிருக்கின்றது. 2016-17 கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் 28.6 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைக் கொள்கின்றனர். புகையாத வகையைக் கொள்வோர் 21.4 விழுக்காடு. பொடி இதில் ஒரு சிறு பகுதியே. ஆனால் புகை இல்லாததால் தீங்கும் இல்லை என்ற எண்ணத்துக்கு அது நெடுங்காலம் துணை போயிருக்கின்றது.

இதையெல்லாம் இப்போது பேசுவதற்குக் காரணம் உண்டு. தாத்தாவின் பொடி டப்பியைக் கண்டு முகம் சுளிக்கும் இளைஞர்களிடையே, அமேசான் பொடி ‘புனித மருந்து’ என்ற பெயருடன் உலகெங்கும் பரவி வருகின்றது. சிறு புட்டியில் அடைத்த பொடியும், தனக்குத் தானே ஊதிக்கொள்ளும் குழலும் கணினி வழியே விலைக்குக் கிடைக்கின்றன. இருவர் குழலைவிடத் தனியாள் குழலே விற்பனைக்கு ஏற்றது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மூத்தவர் வரவில்லை, மௌனம் வரவில்லை, இன்று உனக்கு வேண்டாம் என்று மறுக்கும் வாயும் வரவில்லை. கடல் கடந்து வந்து சேர்வது நிகோடின் ஒன்றுதான். அது மந்திரம் கேட்டுத் தன் இயல்பை மாற்றிக்கொள்வதில்லை.

யவனவா மக்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஒரு காலத்தில் பாதிரிமார்களின் செல்வாக்கால் மங்கியிருந்த தம் சடங்குகளை அவர்கள் அண்மைப் பத்தாண்டுகளில் முயன்று மீட்டிருக்கின்றனர். அது அவர்கள் உரிமை. அவர்கள் ஆற்றங்கரையில் அவர்கள் மூதாளர் ஊதுவது வேறு. மாடியறையில் கதவைச் சாத்திக்கொண்டு ஒருவர் ஒரு நாளைக்கு ஆறு முறை ஊதிக்கொள்வது வேறு. பின்னதற்கு நம் ஊரில் ஏற்கனவே பெயர் இருக்கின்றது: பொடி போடுதல்.

நமது 2003-ஆம் ஆண்டுப் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் அட்டவணையில் மூக்குப்பொடி தெளிவாக இடம் பெற்றுள்ளது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. உறையின்மேல் எச்சரிக்கை இருக்க வேண்டும். புனிதமான பொடி, சாதாரணப் பொடி என்று சட்டம் பிரித்துப் பேசவில்லை. அஞ்சலில் ஒரு புட்டி வீடு தேடி வந்தால், நேயர்கள் முதலில் அதன் உறையைத் திருப்பி, அந்த எச்சரிக்கை இருக்கின்றதா என்று பார்ப்பார்களாக. வாக்படர் எழுதி வைத்த ஏழு, எண்பது என்ற வரம்புகள் போல் ஏதேனும் ஒன்று அங்கே அச்சிடப்பட்டிருக்கின்றதா என்பதையும் தேடிப் பார்க்கலாம்.